அம்மன் தட்டில் சவர்க்காரம்

ரசத்துக்குப் பூண்டு தட்டும்போதெல்லாம் நான் என் வீட்டுக்காரரின் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அவர் பேப்பரை இறக்காமலே, "இன்னும் இருக்கேனா?" என்று கேட்பார். இருக்கிறார் என்று உறுதியான பிறகுதான் எங்கள் வீட்டில் ரசம் கொதிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவச்சியாக இருந்தவள் நான். பிள்ளைப்பேறு பார்ப்பதுதான் வேலை என்று சொல்லி எடுத்தார்கள். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் அதை மட்டும் பார்த்துக்கொண்டு யார் உட்கார விடுவார்கள்? காயம் கட்டினேன், ஊசி போட்டேன், அட்டை கடித்த காலுக்கு மருந்து பூசினேன், மாமியார் மருமகள் பஞ்சாயத்தும் பார்த்தேன். எல்லோருக்கும் நான் 'மிஸ்ஸி'. இங்கே நர்ஸ், மருத்துவச்சி எல்லோருக்கும் அதுதான் பெயர்.

அண்மையில் ஷாமினி என்ற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். என் பழைய தோட்டத்துக்கு இப்போது மருத்துவச்சியாக வந்திருப்பவள். ஏதோ வகுப்பில் பூச்சிமருந்து நஞ்சைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்களாம். "அக்கா, பூண்டு வாசம் அடிக்கும்னு போட்டிருக்கு. நீங்க நெசமா மோந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பட்டி போட்ட அந்தப் பூச்சிமருந்துப் போத்தல்களை அரசாங்கம் தடை செய்து வெகுகாலமாகிவிட்டது. இவள் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாசம் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு வரி. அப்படியே இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் கேட்டவளுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பூச்சிமருந்தின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஊற்றினால் பாலாய் வெளுக்கும். தோலில் பட்டால் எரியாது, கடிக்காது, கொப்புளம் போடாது. மிளகாய் எரியும், சுடுதண்ணீர் சுடும், அதனால் அவற்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். எரியாத ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்? அது பாட்டுக்குத் தோல் வழியாக உள்ளே போய்விடும். நரம்பு தசையிடம் 'வேலை செய்' என்று சொன்னால், வேலை முடிந்ததும் 'போதும்' என்று நிறுத்தவும் உடம்பில் ஒரு சத்து இருக்கிறது. இந்த மருந்து போய் அந்தச் சத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பிறகு எதுவும் நிற்காது. கண் ஒழுகும், மூக்கு ஒழுகும், எச்சில் வழியும், வியர்வை ஊற்றும், வயிறு கழியும், தசை துடிக்கும். கடைசியில் நெஞ்சுக்குள்ளும் நீர் சுரக்கும். தண்ணீரில் இறங்காமலே ஆள் மூழ்கிப் போவான். பூச்சிக்கும் இதுதான், நமக்கும் இதுதான். பூச்சி சின்னது, சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் டொக்டர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். குளிரில் நாங்கள் இரண்டு சுவெட்டர் போட்டு நடுங்கும்போது அவர் மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டையோடு நிற்பார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன டோர்ச்சு இருக்கும். கத்த மாட்டார், ஓட மாட்டார். ஆளைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் கூச்சலிட்டபடி வந்தாலும், முதலில் என் பக்கம் திரும்பி, "கண்டதைச் சொல்லும் பிள்ளை. நினைச்சதைப் பிறகு சொல்லலாம்" என்பார். மயக்கம் என்று நான் சொல்லக் கூடாது. கண் மூடியிருக்கிறது, கூப்பிட்டால் திறக்கிறான், மூச்சில் சத்தம் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய ரோதனையாக இருந்தது. மனுஷன் சாகக் கிடக்கிறான், இவர் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் திட்டுவேன்.

ஒரு சம்பளச் சனிக்கிழமை அந்த வாய்ப்பாட்டின் அருமை தெரிந்தது. ஒருவனை நாலு பேர் தூக்கி வந்து மேசையில் போட்டார்கள். வாயெல்லாம் எச்சில், பேச்சு குழறுகிறது, கிட்டப் போனால் பூண்டு வாசம் ஆளைத் தூக்குகிறது. மருந்தைக் குடித்துவிட்டான் என்று அவன் பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நான் மாற்றுமருந்து ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். ஐயா அவன் இமையைத் தூக்கிக் கண்ணுக்கு மேலே உள்ளங்கையைக் குடைபோலப் பிடித்தார். கண்மணி விரிந்தது. டோர்ச்சு அடித்தார், சுருங்கியது. "ஊசியை வையும் பிள்ளை. இவருக்குக் கண்மணி சொன்னபடி கேக்குது. அந்த மருந்து போன ஆளெண்டால் ஊசித் துவாரம் மாதிரிச் சுருங்கிப்போய் அப்பிடியே நிக்கும். மணத்தை மட்டும் நம்பாதையும், கண்ணைப் பாரும்" என்றார். விசாரித்தால் கசிப்புச் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சட்டி பூண்டுக் குழம்பைக் காலி செய்திருக்கிறான். அழுத பெண்சாதி அழுகையை நிறுத்திவிட்டு அவனுக்குக் கொடுத்தாளே, அதற்குத்தான் பிறகு நாங்கள் மருந்து போட வேண்டியதாயிற்று.

அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றுவிட்டது. பேன் சாகட்டும் என்று மகள் தலையில் பூச்சிமருந்தைத் தேய்த்துவிட்ட ஒரு தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஊசிக்கு ஓடினேன். ஐயா ஒரு கையால் ஊசியை வாங்கிக்கொண்டே மறு கையால் சவர்க்காரத்தை என்னிடம் நீட்டினார். "ஊசி உள்ளுக்குப் போனதுக்கு. சவுக்காரம் இன்னும் போகாததுக்கு. ரெண்டும் வேணும்" என்றார். வெறும் தண்ணீருக்கு அந்த மருந்து அசையாது, எண்ணெய்ப் பிசுக்குப் போலத் தோலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தலையை நுரைக்க நுரைக்கக் கழுவி, முடியையும் ஒட்ட வெட்டினோம். அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டாள். மொட்டை அடித்ததற்காக வெகுநாள் என்னோடு பேசவில்லை.

இப்போது சிவனுவின் கதைக்கு வருகிறேன். சிவனு எங்கள் தோட்டத்துத் தொழிலாளி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் போட்டிருந்தான். அவன் பெண்சாதி தனம் கொழுந்து எடுப்பவள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் என் கையில் பிறந்தவை. அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு சிவனு கரகம் எடுப்பதாக நேர்ந்து, கையில் காப்புக் கட்டியிருந்தான். காப்பு என்றால் மஞ்சள் துண்டு வைத்து முடிந்த கயிறு. கட்டிய பிறகு எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெரிய சட்டதிட்டம் உண்டு. திருவிழா முடியும்வரை அதே மஞ்சள் வேட்டிதான். குளிக்கலாம், வேட்டியோடு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் நின்று குளித்து உடம்பிலேயே காய விட வேண்டும். எண்ணெய் கூடாது, சவர்க்காரம் கூடவே கூடாது. இடையில் வேட்டியை அவிழ்த்தால் உயிருக்கு ஆகாது என்பார்கள். தனத்தின் அண்ணன் ஒருவர் முன்பு காப்போடு இருக்கும்போது விரதத்தை முறித்துவிட்டு, அந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அதனால் அவளுக்கு இது வெறும் பேச்சு இல்லை.

கரகம் லயம் லயமாக வரும் நாள். ஒவ்வொரு வாசலிலும் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு வைத்திருப்பார்கள். கரகக்காரரின் காலில் ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். நானும் அன்றைக்கு மிஸ்ஸியாக இல்லை, சேலை கட்டிப் பூ வைத்துத் தட்டும் கையுமாக நின்றேன். சிவனு வந்தான். அந்த ஆட்டத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் உதறுகிறது, கண்ணீர் வழிகிறது, வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. தப்பு அடிக்கிறவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவன் உதற உதற இவர்கள் வேகமாக அடிக்க, இவர்கள் அடிக்க அடிக்கச் சனம் குலவை போட்டது. "இந்த வருசம் அம்மா முழுசா எறங்கிட்டா" என்று பக்கத்தில் நின்ற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், பொய் சொல்லக் கூடாது.

காலில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பூண்டு வாசம்.

அன்னதானத்துக்குச் சமைக்கிறார்கள், அந்த வாசமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைப் பிறகு சொல்லலாம் என்ற குரல் காதில் கேட்டது. நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். கண்மணி கடுகுபோல இருந்தது. உச்சி வெயிலில் எல்லோருக்கும் சுருங்கத்தான் செய்யும். கையிலிருந்த தட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு நிழல் பிடித்தேன். கூட்டம் நான் ஏதோ ஆரத்தி எடுப்பதாக நினைத்திருக்கும். நிழலிலும் கண்மணி விரியவில்லை. சாமி வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கண் அகல விரிந்துதான் இருக்கும். அதற்குள் அவன் கெண்டைக்கால் என் கண்ணில் பட்டது. தோலுக்கடியில் தசை மண்புழு நெளிவதுபோல நெளிந்துகொண்டிருந்தது.  ஐயாவைக் கூட்டிவர, ஓட்டமாக ஓடக்கூடிய ஒருவரை டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டு, தனத்தைத் தனியே இழுத்து, காலையில் அவன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

"கெழங்குக்கு மருந்து அடிச்சாருங்க மிஸ்ஸி. எலையெல்லாம் சுருண்டு போச்சு, இன்னைக்கு விட்டா பயிரே போயிரும்னாரு. டாங்கி ஒழுகுது, முதுகெல்லாம் நனையுதுன்னு சொன்னேன். காப்பு கட்டுன ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதுன்னுட்டாரு."

ஒழுகிய மருந்து முதுகு வழியாக இறங்கி வேட்டியில் ஊறியிருக்கிறது. சட்டப்படி அவன் அதே வேட்டியோடு பீலியில் நின்றான், சவர்க்காரம் போடாமல். பிறகு அதே வேட்டியோடு வெயிலில் ஆடினான். வியர்க்க வியர்க்க மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. விரதத்தை ஒரு குறையும் இல்லாமல் காத்திருக்கிறான் மனுஷன், அதுதான் அவனுக்கு எமனாக வந்து நின்றது.

ஐயா வந்தார். அந்த ஆரவாரத்திலும் ஓடி வரவில்லை, விரைவாக நடந்துதான் வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்டதைச் சொன்னேன்: கண்மணி, எச்சில், தசை, வாசம், மூச்சில் இப்போது ஒரு கொறகொறப்பு. "ம்" என்றார். பூசாரியிடம் போய்க் கரகத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பூசாரி தொழிற்சாலையில் வேலை செய்கிற, அதிகம் பேசாத மனுஷன். சிவனுவின் முகத்தைப் பார்த்ததும் கரகத்தைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த நொடி சிவனு சுருண்டு விழுந்தான். தப்பு நின்றது. ஐயா ஊசியை எடுக்கவும் கூட்டத்தில் ஒருவர், "சாமிக்கு ஊசி போடுறீங்களே ஐயா" என்றார்.

"சாமிக்கில்லை. சிவனுவுக்கு" என்று சொல்லிக்கொண்டே ஐயா குத்திவிட்டார்.

அது சுலபமான பகுதி. வேட்டியை அவிழ்த்துக் கழுவ வேண்டும் என்றதும் சனம் நெருங்கி வந்தது. ஒருவரும் கோபப்படவில்லை, பயந்தார்கள். அவன் செத்துப்போவான் என்று நான் பயந்த அதே அளவுக்கு, அவிழ்த்தால் செத்துப்போவான் என்று அவர்கள் பயந்தார்கள். ஐயா வாதாடவில்லை. காப்பைத் தொட மாட்டேன், வேட்டிக்கு மட்டும் ஒரு வழி சொல்லும் என்று பூசாரியிடம் கேட்டார். பூசாரி கரகத்தோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, திருவிழா முடிவில் வைக்கும் மஞ்சள் நீராட்டை இப்போதே வைப்போம், அம்மாவுக்கு உடம்புச் சூடு தாங்கவில்லை, தலையோடு ஊற்றுங்கள் என்றார். ஆளை அனுப்பிக் கோயிலில் இருந்த அம்மனின் மஞ்சள் சேலையையே எடுத்துவரச் சொன்னார். பெண்கள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைக் கொண்டுவந்து சுற்றி மறைப்புப் பிடித்தார்கள். வாசல் வாசலாக இருந்த குடமெல்லாம் வந்துவிட்டது.

"சவுக்காரம்" என்றார் ஐயா.

பூசாரியே தயங்கிவிட்டார். "அது வேணாங்க ஐயா. வெரதத்துல சவுக்காரம் பட்டா அம்மா பொறுக்க மாட்டா."

ஐயா தனத்தின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இது வெறும் தண்ணிக்குப் போகாது. சவுக்காரத்துக்குப் போகும். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இவர் உம்மடை மனுசன்."

தனம் புருஷனைப் பார்த்தாள். பூசாரி தலையிலிருந்த கரகத்தைப் பார்த்தாள்.  சடாரென்று லயத்தில் தன் வீட்டுக் காம்பராவுக்குள் போனாள். துணி துவைக்கிற சவர்க்காரக் கட்டியோடு வந்தாள். கரகத்துக்கு நேரே நின்று, "கோவம்னா என்கிட்ட வா தாயி. அவருகிட்ட போகாத" என்றாள். வெறுங்கையோடு அவனைத் தொடப் போனவளை நிறுத்தி, அவள் கையிலும் என் கையிலும் பொலித்தீன் சிலிசிலி பேக்கை மாட்டினேன், இல்லாவிட்டால் அவளையும் சேர்த்துக் கழுவ வேண்டி வந்திருக்கும். அவள் தேய்க்க, நான் தேய்க்க, பெண்கள் ஊற்றினார்கள். காது மடல், கழுத்து, அக்குள், நகக்கண் எல்லாம் கழுவினோம். காப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை, அதற்கும் சேர்த்து நுரை போட்டோம். பழைய வேட்டியை பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டினேன். அம்மன் சேலையைச் சுற்றி அவனைத் தோட்டத்து லொறியில் ஏற்றினோம்.

நுவரெலியா ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஐயா அவன் நெஞ்சில் குழலை வைத்தபடியே இருந்தார். கொறகொறப்புக் கேட்டால் இன்னும் கொஞ்சம் மருந்து, கேட்காவிட்டால் பொறுத்துப் பார்ப்பார். நெஞ்சு காய்ந்தது. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு குறும்பு உண்டு, அளவு ஏறினால் ஆள் பிதற்ற ஆரம்பிப்பான். சிவனுவும் ஆரம்பித்தான். லொறியின் கூரையெல்லாம் லீக்ஸ் விளைந்து தொங்குகிறது, யாராவது பிடுங்குங்கள் என்று ஒரே கத்தல். கூட வந்த இரண்டு பெண்கள் அதை அம்மன் வாக்காகக் கும்பிட்டபடி கேட்டுக்கொண்டார்கள். அந்த வருடம் எங்கள் லயத்தில் பாதிப் பேர் கிழங்கை விட்டுவிட்டு லீக்ஸ் போட்டார்கள். நன்றாகத்தான் விளைந்தது, அதற்கு நானோ ஐயாவோ பொறுப்பில்லை.

சிவனு பிழைத்து, எலும்பும் தோலுமாக வீடு வந்தான். கண்டம் தாண்டியது அவனுக்குத்தான், தனத்துக்கு இல்லை. அம்மனின் கோபத்துக்காக அவள் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்தாள். பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் டிஸ்பென்சரிக்கு வந்துவிடுவாள். தனக்குக் காலில் முள் குத்தினாலும் வருவாள். "இது அதுவா இருக்குமா மிஸ்ஸி?" என்று மெல்லக் கேட்பாள். வெறும் முள்தான் தனம் என்பேன். நம்பியும் நம்பாமலும் போவாள்.  நாங்கள் நஞ்சோடு போராடினோம், எங்களுக்கு ஊசி இருந்தது. அவள் சாமியோடு அல்லவா மல்லுக்கு நின்றாள்.

அடுத்த திருவிழா வந்தது. ஒன்றும் ஆகவில்லை. கரகம் அவள் வாசலுக்கு வந்தபோது தனம் தட்டை நீட்டினாள். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம், நடுவில் உறை பிரிக்காத ஒரு சவர்க்காரக் கட்டி. பூசாரி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதையும் சேர்த்துத்தான் தீபம் காட்டினார். என் பக்கத்தில் நின்ற ஐயா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லி நாங்கள் சுவர் முழுக்கப் படம் ஒட்டினம் பிள்ளை, ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. பூசாரியாரை எங்கடை இலாகாவுக்கு எடுக்க வேணும்" என்றார்.

ஐயா இப்போது இல்லை. இருந்திருந்தால் ஷாமினி போன வாரம் போனில் அனுப்பிய படத்தை அவருக்குக் காட்டியிருப்பேன். வரிசையாகப் பத்துப் பதினைந்து தட்டு, ஒவ்வொன்றிலும் தேங்காய்க்குப் பக்கத்தில் சவர்க்காரம். அங்கே இப்போது காப்புக் கட்டியவர்கள் மருந்து டாங்கியைத் தொடக் கூடாதாம். தினமும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டுமாம், வேட்டியைத் தோய்த்து மாற்ற வேண்டுமாம். மீறினால் தெய்வ குற்றமாம். யாரைக் கேட்டாலும் பரம்பரை ஐதீகம் என்கிறார்களாம். "என்னக்கா இது, வேற எங்கயும் இப்படி இல்லையே?" என்று கேட்டிருந்தாள்.

தனத்திடமே கேள் என்றேன். ஷாமினி போனை அவளிடம் கொடுத்தாள். நரைத்துவிட்டதாம், முட்டி வலியாம். பின்னால் சிவனு தேத்தண்ணி கேட்டுச் சத்தம் போடுவது கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு அன்றைக்குக் கோபம் வரவே இல்லையா தனம் என்று கேட்டேன்.

"எங்கங்க மிஸ்ஸி வந்துச்சு" என்றாள். "அன்னைக்குக் கழுவுனப்ப நாம அவரு வேட்டியத்தானே அவுத்தோம். அம்மா தன் சேலையவே அவுத்துக் குடுத்தாள்ல."